தோப்புக்காரன் பேசிய வாரங்கள்

தொண்ணூற்றொன்பதில் நானும் என் கணவரும் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தோம். கீழே ஒரு பாயின் பாத்திரக்கடை, மாடியில் நாங்கள். மூன்று கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் கரகரவென்று கத்தி, மதுரையோடு இணைப்புக் கிடைத்தால்தான் அன்றைக்கு வியாபாரம். பரீட்சை ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகள், துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்பச் சொல்லும் தகப்பன்மார் என்று மதியத்துக்கு மேல்தான் ஆட்கள் வருவார்கள். காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தமே கேட்காது.

என் கணவர் அதற்கு முன் வீடு வீடாகக் கேபிள் டி.வி. லைன் இழுத்தவர். கேபிளில் அமெரிக்க மல்யுத்தம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அதில் பைத்தியம். "எல்லாம் நடிப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா சண்டைக்கு முந்தி மைக்கப் பிடிச்சுப் பேசுதான் பாரு, அதுல ஒண்ணு ரெண்டு பேரு நெசமாவே பேசுதான்" என்பார். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன்.

ஒருநாள் காலையில் மல்யுத்தப் படம் தேடிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. இது என்னன்னு வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். அது ஒரு மல்யுத்த லீக். ஆனால் அதில் நிஜமான மல்லர்கள் யாரும் கிடையாது. பல நாடுகளில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு மல்லனைக் கற்பனையில் உருவாக்கிக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை யாருக்கும் யாருக்கும் போட்டி என்று அறிவிப்பு வரும். போட்டிக்கு முன்னால் நம் மல்லன் எதிராளியைப் பார்த்துப் பேசுகிற சவால் பேச்சை எழுதி அனுப்ப வேண்டும். அதைப் புரமோ என்றார்கள். லீக்கை நடத்துகிறவர் இரண்டு புரமோவையும் படித்துவிட்டு, எவன் பேச்சில் உயிர் இருக்கிறதோ அவன் ஜெயித்ததாகச் சண்டையை எழுதி வெளியிடுவார்.

"அப்ப ஒடம்பு வேண்டாம், வாய் போதும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

முதலில் நாங்கள் உருவாக்கியவன் ஒரு மகாராஜா. ஏழடி உயரம், தலைப்பாகை, தோளில் பாம்பு, மந்திரம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்தோம். முதல் போட்டியிலேயே தோற்றான், அடுத்ததிலும் தோற்றான். லீக்கை நடத்துகிறவர் சண்டைக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு வரி எழுதியிருந்தார். இந்த ஆள் வீட்டுக்குப் போனதும் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இவனை என்னால் நம்ப முடியவில்லை.

அதை என் கணவருக்குத் தமிழில் சொன்னேன்.

"அவன் சொல்லுததும் சரிதான். பாம்பெல்லாம் வேண்டாம். ஒரு தோப்புக்காரன எடுப்போம்."

"என்ன தோப்பு?"

"மாந்தோப்பு. மலை அடிவாரத்துல. அம்பது வயசு இருக்கும். சத்தம் போட்டே பேச மாட்டான்."

நான் ஒரு ஆசிரியை மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவன் எப்படி உட்காருவான்? நாற்காலியில்தான், கடைசி வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். என்ன உடுத்துவான்? வெளுத்த வேட்டி, மடிப்பு கலையாது. வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வான்? செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக, தெருவைப் பார்த்த மாதிரி வைப்பான்.

"எதுக்கு?"

"செருப்பப் பாத்தே அவன் உள்ள இருக்கானா இல்லையான்னு வீட்டுல உள்ளவுக தெரிஞ்சுக்கிடணும்."

எந்தக் கேள்விக்கும் அவர் யோசிக்கவில்லை. என் கணவருக்கு இத்தனை கற்பனை இருக்கிறதா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

முதல் புரமோவுக்கு அவர் பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தேன். அவர் தமிழில் பேச வேண்டும், நான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே, எனக்குப் பழக்கமில்லாத ஒரு மெல்லிய குரலில் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் இல்ல" என்றேன்.

"சாப்பிட்டுட்டு வா. நல்லாச் சாப்பிடு. வயித்துல சோறு இருந்தாத்தான் வலி தாங்கும். அவசரமில்ல. நான் இங்கதான் இருப்பேன்."

அப்போதுதான் அது தோப்புக்காரனின் பேச்சு என்று புரிந்தது. என் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல வெயில். எனக்கு மட்டும் முழங்கை வரைக்கும் மயிர் கூச்செறிந்தது.

"அடி, அடி. விட்டா மறந்து போவும்" என்றார், தன் சொந்தக் குரலில்.

அடித்தேன். அந்த வாரம் தோப்புக்காரன் ஜெயித்தான். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் ஜெயித்தான். லீக்கில் இருந்தவர்கள் எங்களுக்கு எழுத ஆரம்பித்தார்கள். மற்றவர்களின் மல்லர்கள் உன் எலும்பை நொறுக்குவேன், ரத்தத்தைக் குடிப்பேன் என்று பெரிய எழுத்தில் கத்தினார்கள். எங்கள் ஆள் எதிராளியைச் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு இரவு சோறு இறங்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எனக்கு அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. புரமோ சொல்லி முடித்ததும் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மதியம் சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார். "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சூடு" என்பார். நான் "சாப்பிடுங்க" என்று இன்னொரு முறை சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதிலேயே இந்தப் பழக்கம் உண்டு. சமையல் பிடிக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒருநாள் பாத்திரக்கடை பாய் மாடி ஏறி வந்தார். அவர் வாலிப வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாம்பழக் கமிஷன் கடையில் வேலை பார்த்தவர். என் மாமனார் அந்தக் காலத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை எடுத்துக்கொண்டிருந்ததால் பாய்க்கு அவரை நன்றாகத் தெரியும்.

"என்ன தாயி, மாமனார் வந்திருக்காகளா? கீழ படியில நிக்கேன், அவிய பேச்சுச் சத்தம் கேட்டுச்சே. பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்று சுற்றிப் பார்த்தார்.

"இல்ல பாய், யாரும் வரல. இவுகதான் பேசிட்டு இருந்தாக."

பாய் என் கணவரைப் பார்த்தார். பிறகு, "வயசாயிப் போச்சுல்ல, காது ஏமாத்துது" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். என் கணவர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, சரியாகவே இருந்த ஒரு ஒயரைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.

என் மாமனாரை நான் அதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். நாங்கள் போனால், "வா தாயி" என்பதோடு சரி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் அம்மா, "இம்புட்டு அமைதியான மனுசன் இருக்கிற வீட்டுல நீ நல்லாருப்ப" என்று சொல்லியிருந்தார்.

தோப்புக்காரன் லீக்கின் பட்டத்துக்கு மோதும் நிலைக்கு வந்தான். எதிராளி, பால் பண்ணையில் வேலை பார்க்கிற ஒரு வாட்டசாட்டமான ஆள். வாய் திக்கும், எல்லாரும் கேலி செய்வார்கள். அவனை எழுதுவது யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுடைய புரமோ முதலில் வந்துவிட்டது. ரொம்பச் சின்னது. நான் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"ஐயா, நான் சாப்பிட்டுவிட்டேன். நீங்கள் எழுந்திருங்கள்."

"இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். மவுஸ் மேல் வைத்த கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார். எங்கள் பதிலுக்குச் சனிக்கிழமை மதியம் வரைக்கும் நேரம் இருந்தது.

அந்த வாரம்தான் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி ராஜபாளையத்தில் இருந்ததால், பக்கத்தில் இருக்கட்டும் என்று மூத்தவர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. மாமா வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். குனிந்து, இரண்டையும் தடவிப் பார்த்து, ஜோடியாகச் சேர்த்து, தெருவைப் பார்த்த மாதிரி வைத்தார். சொம்பில் தண்ணீரோடு நின்ற நான் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தேன். அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு மூச்சு விடுவதே பாரமாக இருந்தது. மாமா அன்பாகத்தான் இருந்தார். "ஒனக்குத்தான் சிரமம் தாயி" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். நான்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். கணவர் வீட்டுக்கு வரும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் முதலில் மகளைத்தான் தேடுவார். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் செருப்பையே கழற்றுவார். "புரமோ எழுத வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பொறவு பாப்போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம். நான் அடுப்படியில் இருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை. மாமாவின் கண் சொட்டு மருந்தை எடுத்துப் பொம்மைக்கு ஊற்றி விளையாடி, அவ்வளவையும் தரையில் கொட்டிவிட்டாள். குப்பி உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த மெல்லிய குரல் கேட்டது.

"சாப்பிட்டியா தாயி?"

"இல்ல தாத்தா."

"சாப்பிட்டுட்டு வா. நல்லாச் சாப்பிடு. நான் இங்கதான் இருப்பேன்."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். நடுவில் விட்ட இடைவெளிகூட அதேதான். நான் அடுப்பை அணைத்தேன். மகள் அடுப்படிக்குள் ஓடி வந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, சோறு போடு. தாத்தா சாப்பிட்டுட்டு வரச் சொன்னாக" என்று சிரித்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசற்படியில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உதடு வெளுத்துப் போயிருந்தது. கையில் வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் தன் அப்பாவை அடித்துவிடுவாரோ என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

"அய்யா, துணிமணிய எடுத்து வச்சுக்கோங்க. அண்ணன் வீட்டுல கொண்டு விடுதேன்."

மாமா கட்டு இல்லாத கண்ணால் அவரைப் பார்த்தார். "என்னலே திடுதிப்புன்னு? நாளைக்கு டாக்டரப் பாக்கணும்லா?"

"நாளைக்கு நானே அங்க வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நான் இப்ப என்ன செஞ்சிட்டேன்? புள்ளைய வைதனா? அடிச்சனா? சாப்பிடத்தானலே சொன்னேன்."

"ஆமா, சாப்பிடத்தான் சொன்னீக. எனக்கும் அதத்தான் சொல்லுவீக." அவர் குரல் உயரவே இல்லை. "தோப்புல என்ன தப்புச் செஞ்சாலும் ஒடனே அடிக்க மாட்டீக. சாப்பிட்டுட்டு வான்னுதான் சொல்லுவீக. நான் ஒவ்வொரு பருக்கையாத் திம்பேன். தட்டு காலியாயிரக் கூடாதேன்னு திம்பேன். அம்மா வெவரம் தெரிஞ்சு இன்னும் கொஞ்சம் போடுவா. அம்புட்டையும் திம்பேன்."

"ஒன்னைய ஆளாக்கணும்னுதான அடிச்சேன்."

"இருக்கட்டும்யா. எந்திரிங்க."

மாமா எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லு தாயி. கண்ணு தெரியாத மனுசன இப்படித் தெருவுல எறக்கி விடலாமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பசிக்கி" என்றாள். நான் அவளை இடுப்பில் வைத்தபடியே உள்ளே போனேன். கொடியில் கிடந்த மாமாவின் வேட்டி துண்டுகளை மடித்துப் பையில் வைத்தேன். ரேடியோவையும் வைத்தேன். பையைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வழியில மருந்துக்கடையில இந்தச் சொட்டு மருந்த வாங்கிக் குடுத்துருங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

மாமா எழுந்தார். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அவர் பாதம் செருப்பைத் தேடியபோது என் கணவர் குனிந்து மாட்டிவிட்டார்.

சாயங்காலம் மூத்தவர் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து என்னை அழைத்தார். "ஆபரேசன் பண்ணுன மனுசன வீட்ட விட்டு அனுப்பியிருக்கீக. நீங்களெல்லாம் நல்லா இருப்பீகளா?" என்று கத்தினார். அவரும் அதே தோப்பில் வளர்ந்தவர்தானே, அவர் தட்டில் சோறு எப்படி இறங்கியது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சொன்னபடி அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சென்டருக்கு வந்தார். பதினொரு மணி இருக்கும். சனிக்கிழமைகளில் மட்டும் அந்த நேரத்துக்கே கூட்டம் வந்துவிடும். அவர் வெளிக்கதவைச் சாத்தினார்.

"புரமோ சொல்லுதேன், அடி."

"வேண்டாம்னா விட்டுருவோம். இது வெறும் வெளையாட்டுதான?"

"இல்ல. அந்தப் பால்பண்ணைக்காரன் காத்துக்கிட்டு இருப்பான்."

நாற்காலியை நான் நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி, தன் சொந்தக் குரலில் பேசினார்.

"நான் தோப்புக்காரனோட மகன் பேசுதேன். அவரு வருவாரு. சாப்பிட்டியான்னு கேப்பாரு. நீ பதில் சொல்லிராத. நாற்காலிய விட்டு அவரு எந்திரிக்கவே மாட்டாருன்னு எல்லாரும் நெனச்சிருக்காக. அது தப்பு. நீ கை கழுவுற சத்தம் கேட்டதும் எந்திரிப்பாரு. அந்தச் சத்தம் எனக்கு மட்டுந்தான் தெரியும். தண்ணிய ஊத்தாம வெறுங்கையோட நிப்பேன். எம்புட்டு நேரம் நிக்க முடியும்? நீ பெரிய ஆளு. நீ அவர எந்திரிக்கச் சொல்லிட்ட. நான் இத்தனை வருசமா அதச் சொல்லல."

அதோடு நிறுத்திக்கொண்டார். நான் அடித்துக்கொண்டே அழுதேன். எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. வேறு எதையும் சேர்க்கவில்லை, அழகுபடுத்தவில்லை. அனுப்பப் போகும்போது லைன் அறுந்தது. மறுபடியும் டயல் செய்தேன். பிஸி. மறுபடியும். அவர் மணியைப் பார்த்தபடி என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒரு பையன் கதவைத் தட்டி, "அக்கா, தொறக்கலையா?" என்றான். "செத்த நேரம் கழிச்சு வாப்பா" என்றேன். கடைசியில் மோடம் கத்தி ஓய்ந்தது. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. தோப்புக்காரன் தோற்றிருந்தான். லீக்கை நடத்துகிறவர் நீளமாக எழுதியிருந்தார். இந்த லீக்கில் இதுவரை வந்ததிலேயே தன்னை அதிகமாக உலுக்கியது இந்தப் புரமோதான் என்றும், ஆனால் பேச வேண்டியவன் மல்லன், இங்கே பேசியவன் வேறு ஆள் என்பதால் விதிப்படி புள்ளி கொடுக்க முடியவில்லை என்றும் வருத்தப்பட்டிருந்தார். பட்டம் பால்பண்ணைக்காரனுக்குப் போனது. சண்டையில் தோப்புக்காரன் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு அடி வைத்து, விழுந்ததாக எழுதியிருந்தார்.

"விழுந்துட்டானா?" என்று கேட்டார் என் கணவர்.

"ஆமா."

"சரி" என்று சொல்லிவிட்டு, ஒரு காலேஜ் பையனுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப் போனார்.

தோப்புக்காரனை நாங்கள் மறுபடியும் எழுதவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவரே ஆரம்பித்து, கல்யாண வீட்டுச் சமையல்காரன் ஒருவனை லீக்கில் இறக்கினார். எதிராளியிடம் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஓடி ஒளிகிறவன். ஒரு போட்டியிலும் அவன் ஜெயிக்கவில்லை. ஆனால் புரமோ சொல்லும்போது இவருக்கே சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிடும். ஒருநாள் அந்த லீக்கின் இணையப் பக்கமே திறக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் ஆள் இல்லை.

மாமாவின் அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் வந்தபோது என் கணவர்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். வீட்டுக்கு அழைத்து வரவில்லை. மாமாவும் கேட்கவில்லை. நான் டிபன் கேரியரில் இட்லி கொண்டுபோனேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் என் காலடிச் சத்தத்தைக் கேட்டு, "யாரு, தாயியா?" என்றார்.

"ஆமா மாமா."

"புள்ள வரலையா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"ம்" என்றார். என் கணவர் தட்டில் இட்லியைப் பிட்டுப் போட்டு, அவர் கையைப் பிடித்துத் தட்டின் மேல் வைத்தார். மாமா தடவித் தடவி மெதுவாகச் சாப்பிட்டார்.